கடவுச்சொல்லைக் காக்கும் கடமை யாருடையது?

நெல்லை அடித்துத் தூற்றிப் பொலியாகக் குவித்த பின்னும் குடியானவனுடைய கவலை தீர்வதில்லை. அன்றிரவே வீடு சேர்க்க இயலாதபோது, குவியலின்மேல் சாணிப்பாலையோ சாம்பலையோ கொண்டு குறியிட்டு வைப்பது தமிழ்நாட்டுக் களங்களில் நெடுங்காலமாய் இருந்துவந்த வழக்கம். விடியற்காலையில் குறி கலைந்திருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே விளங்கிவிடும். முத்திரைக்கட்டை கொண்டு குறியிடுவோர் அக்கட்டையை அயலாருக்கு இரவல் கொடுக்கமாட்டார்கள். கட்டை கைமாறினால் குறிக்கு மதிப்பில்லை.

இக்காலத்தில் குடியானவனுடைய செல்வத்தில் ஒரு பாகம் களத்திலும் குதிரிலும் இல்லை. சர்க்கார் உதவித் தொகை, பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, பட்டா விவரம் ஆகிய யாவும் கணினி வலையில் எழுத்துக்களாகவும் எண்களாகவும் இருக்கின்றன. அவற்றிற்கு உரிய முத்திரைக்கட்டை கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வந்துசேரும் ஓ.டி.பி. எண்ணுமேயாகும்.

பட்டணத்திலும் நிலைமை இதுவே. சென்னை மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்பவரும் சதுரக் குறி அட்டையொன்றை வைத்துக் கைப்பேசி வழியாகப் பணம் பெறுகிறார். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் பண்டிகைக் கூட்டத்தில் மடியை இறுகப் பற்றிக்கொண்டு நடக்கும் மனிதர், அன்று மாலையே முன்பின் அறியாத ஒருவன் தொலைபேசியில் கேட்டதும் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுகிறார். பற்றிக்கொள்ள வேண்டிய மடி எது என்பது இன்னும் பலருக்குப் பழக்கமாகவில்லை.

ஜாக்கிரதையாய் இருக்கும்படி குடியானவர்களுக்குப் புத்தி சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் பல வெளியாகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும், முதலில் ஜாக்கிரதை கற்க வேண்டியவர்கள் குடியானவர்கள்தாமா என்பது ஆராயத்தக்கது.

2020-ம் ஆண்டில் நேர்ந்தது

பிரதம மந்திரி கிசான் திட்டம் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி தொடங்கப்பட்டது. அதன்படி, நிலமுடைய குடியானவர் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2020-ல், கொரோனா நோயினால் ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த மாதங்களில், இத்திட்டத்தின் ஜாபிதாவில் தகுதியற்றவர்கள் பெருவாரியாய்ச் சேர்க்கப்பட்டார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை முதலான 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. தகுதியற்றவர்களாய்க் கண்டறியப்பட்டோர் 5 லட்சத்துக்கு மேல். அவர்கள் கணக்கில் போய்ச் சேர்ந்த பணம் சுமார் ரூ.110 கோடி. அதில் ரூ.61 கோடி திரும்ப வசூலிக்கப்பட்டதாக அவ்வாண்டு செப்டம்பரில் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இவ்வளவும் எவ்வாறு நடந்தது? வெளிநாட்டிலிருந்து எந்தத் திருடனும் வரவில்லை. கணினியின் பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. அதிகாரிகளுக்கென்று கொடுக்கப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பிறர் கைக்குப் போயின. அவற்றைக்கொண்டு விண்ணப்பங்கள் அங்கீகரிக்கப்பட்டன. முத்திரைக்கட்டை இரவல் போயிற்று என்று சொன்னால் முழுவதும் சொன்னதாகும்.

நஷ்டம் சர்க்காரோடு நிற்கவில்லை. கொரோனா நிவாரணம் என்று தரகர்கள் சொன்னதை நம்பி ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் கொடுத்த ஏழைகள் பலர், பின்னர் அப்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவரானார்கள். ஒப்பந்த ஊழியர் பலர் வேலையிழந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். இலாகாவின் பெயரைக் கேட்டவுடன் ஊரார் முகத்தில் தோன்றிய சந்தேகத்திற்கோ கணக்கில்லை.

"ஆட்கள் குறைவு, விண்ணப்பங்கள் ஆயிரம், கடவுச்சொல்லைப் பங்கிட்டுக்கொள்ளாவிடில் வேலை எப்படி ஓடும்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரே சாவியைக் கொடுத்தால், அது பத்துப் பேரிடமும் சுற்றத்தான் செய்யும். ஆகையால் பரிகாரம் ஊழியர்களை வைவதில் இல்லை. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுத்து, அச்சாவியால் எவ்வளவு திறக்கலாம் என்பதையும் வரையறுப்பதே பரிகாரமாகும். விண்ணப்பத்தைப் பதிகிறவரும் அங்கீகரிக்கிறவரும் ஒருவராகவே இருத்தல் கூடாது.

குறியைக் காலையில் பார்த்தல்

முத்திரையிட்டால் மட்டும் போதாது. கலைந்ததா என்று பார்க்கவும் வேண்டும். 2018-ம் ஆண்டு பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் வெளிநாட்டுப் பண அனுப்பு முறைக்குள் புகுந்த திருடர்கள், மூன்று தவணைகளில் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். வங்கியார் கணக்கை ஒத்துப் பார்க்கும் வழக்கம் உடையவர்களாதலால் மோசம் உடனே வெளிப்பட்டது. ஒரு தவணை தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. தினந்தோறும் ஒத்துப் பார்ப்பதன் பயன் இது. ஒரே சாவியால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் சேர்க்கப்பட்டால், மறுநாள் காலையில் அது யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும். 2020-ல் அவ்வாறு பட்டிருந்தால் சேதம் பெருகியிராது.

ஓ.டி.பி. சொல்லலாமா, கூடாதா?

2025-ம் ஆண்டில் தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்குத் தனி அடையாள எண் கொடுப்பதற்கான பதிவு கிராமங்கள்தோறும் நடைபெற்றது. பதிவுக்கு ஆதாரும், அதனோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் தேவை. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. "ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கியும் போலீசும் ஓயாமல் எச்சரிக்கின்றன. முகாமிலோ, மேஜைக்குப் பின்னால் இருப்பவர், "ஐயா, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்கிறார். சொல்லாவிட்டால் பதிவு நடவாது. இன்று முகாமில் சொல்லிப் பழகிய வாய், நாளை "வேளாண்மை ஆபீசிலிருந்து பேசுகிறோம்" என்று அழைக்கும் திருடனிடமும் சொல்லிவிடுகிறது. குற்றம் குடியானவன் மீது மட்டுமா?

இதற்குச் செலவில்லாத வழியொன்று உண்டு. செய்தி வந்தவுடன் ஊழியர் அதை வாய்விட்டுப் படித்து, எந்தக் காரியத்திற்காக வந்தது என்று விளக்க வேண்டும். பின்பு எண்ணைக் குடியானவரே, அல்லது அவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரே, தம் கையால் கணினியில் அழுத்த வேண்டும். ஆளொன்றுக்கு இரண்டு நிமிஷம் அதிகமாகலாம். ஆனால் எதிரே அமர்ந்து தம் கையால் செய்வது வேறு, தொலைபேசியில் சொல்வது வேறு என்னும் பாடம் அந்த இரண்டு நிமிஷத்தில் மனத்தில் பதியும். நூறு துண்டுப் பிரசுரங்கள் இதைச் செய்யா.

வழக்கமாய் விரிக்கப்படும் வலைகள்

குடியானவர்களைக் குறிவைத்து விரிக்கப்படும் வலைகளில் முக்கியமானவை வருமாறு:

1. கிசான் தொகை நின்றுவிட்டதென்றோ, வங்கிக் கணக்கு முடங்கும் என்றோ வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கூடவே ஏ.பி.கே. என முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து நிறுவினால், கைப்பேசிக்கு வரும் செய்திகளையெல்லாம் அயலான் படிக்க இடமுண்டாகும்.

2. விளைபொருளை வாங்குவதாகப் பேசி, முன்பணம் பெற ரகசிய எண்ணை அழுத்தச் சொல்வார்கள். யூ.பி.ஐ. முறையில் பணம் அனுப்புவதற்கே ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. இந்த ஒரு விதியை நினைவிற்கொண்டால் போதும்.

3. போலீஸ் உடுப்பில் காணொளி அழைப்பில் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவார்கள். மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களில் தனித்து வாழும் படித்த ஓய்வூதியர்களும் இவ்வகை மிரட்டலுக்கு ஆளாகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அவ்வாறானதொரு கைது இல்லவே இல்லை. 2024-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி பிரதம மந்திரியும் தம் வானொலி உரையில் இதுபற்றி எச்சரித்தார்.

4. சங்கங்களையும் வங்கிகளையும் தாக்குவது பணயத் தாக்குதல். கணக்குகளையெல்லாம் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்பது அதன் முறை. 2021-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்துத் தானியக் கூட்டுறவுச் சங்கமொன்று இதற்கு இலக்காயிற்று. கேட்கப்பட்ட தொகை 59 லட்சம் டாலர். இந்தியாவில் 2024-ம் ஆண்டு ஜூலை முடிவில், கணினிச் சேவை நிறுவனமொன்று தாக்கப்பட்டதால், அதனை நம்பியிருந்த சுமார் 300 சிறு கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிவர்த்தனை தடைப்பட்டது. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைக்காத குடியானவனின் புத்தியே இதற்கு மருந்து. கணக்கின் நகலொன்றை வலையோடு இணையாத வேறொரு இடத்தில் வைத்திருக்கும் சங்கம் பிழைத்துக்கொள்ளும்.

செய்யத்தக்கவை

சேப்பாக்கத்து இயக்குநரகம் முதல் வட்டார விரிவாக்க மையம் வரை, அலுவலகங்கள் முதலில் தம் வீட்டைச் செப்பனிட வேண்டும். கடவுச்சொல்லை மேஜைக் கண்ணாடிக்கடியில் எழுதிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மாற்றலாகிப் போனவருடைய சாவி அன்றைக்கே ரத்தாக வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனையும் இருத்தல் அவசியம். விண்ணப்பம் மிகும் காலங்களில் கூடுதல் ஆட்களையும், அவர்களுக்குத் தனித்தனிச் சாவிகளையும் மேலிடம் கொடுக்க வேண்டும்.

குடியானவர்கள் செய்ய வேண்டியது சிறிதே. அவசரப்படுத்தும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சந்தேகமிருந்தால் நேரே வங்கிக்கோ விரிவாக்க மையத்திற்கோ சென்று கேட்க வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் பல கணக்குகளுக்குச் சிதறிப்போவதற்குமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. மடை உடைந்த நாழிகையிலேயே மண்வெட்டியுடன் ஓடுகிறவன் வயலைக் காப்பாற்றுகிறான். பொழுது விடியட்டும் என்று இருப்பவன் மணலைத்தான் அள்ளுவான்.

களத்தில் காவல் இருப்பவன் தூங்கினால், குறியிட்ட குடியானவனை நோவதில் பயனில்லை. காவற்காரர் விழித்திருப்பாராக; அதன் பின்னர் களத்துக்காரருக்குப் புத்தி சொல்லுவோம்.