எஞ்சினை மாத்தலாம், காரை யாரு மாத்துறது?

மூணு நாளா எங்க ஹாஸ்டல்ல இதே பேச்சுதான். நண்பன் ஒருத்தனோட மாமா வீட்டுல பழைய மாருதி 800 ஒண்ணு சும்மா நிக்குது. அதுல பழைய ஸ்விஃப்ட்டோட 1.3 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினைத் தூக்கி வைக்கணும்னு ஐயாவுக்கு ஆசை. "மைலேஜும் வரும், பிக்கப்பும் வரும், என்ன சொல்ற மாப்ள?"ங்கறான். மெக்கானிக்கல் படிக்கிற பாவத்துக்குக் கருத்து சொல்லணுமாம். ஒரு வரியில அடங்காதுங்கறதால இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், எஞ்சின் மாத்துறவங்க எல்லாம் கிறுக்கனுங்க இல்ல. ஐரோப்பாவுல இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்ல (1983-லேர்ந்து 1992 வரை வந்தது) 1.9 டிடிஐ டர்போ டீசலைப் பொருத்துறது ரொம்பப் பிரபலம். காரணம் இருக்கு. பழைய எஞ்சினும் புதுசும் ஒரே குடும்பம். கியர்பாக்ஸோட சேர்ற போல்ட் துளைங்க அப்படியே பொருந்தும். எலக்ட்ரானிக்ஸ் தலைவலி வேணாம்னு பழைய மெக்கானிக்கல் பம்ப்பை மாட்டி ஓட்டுறவங்களும் உண்டு.

சரி, மாட்டியாச்சு. முடிஞ்சுதா? அதான் இல்ல. அந்தக் கார்ல முன்னாடி இருந்த டர்போ இல்லாத 1.6 டீசலுக்கு 54 குதிரை சக்தி, டார்க் சுமார் 100 நியூட்டன் மீட்டர். 1.9 டிடிஐ-க்கு 90 குதிரை சக்தி, டார்க் 200-க்கு மேல. அதுவும் 2000 ஆர்பிஎம் தொடறதுக்குள்ள மொத்தமா வந்து இறங்கும். பழைய கியர்பாக்ஸ் அதைத் தாங்குமாங்கற பயத்துல பலமான கியர்பாக்ஸைத் தேடுவாங்க. அப்புறம் கிளட்ச், முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், இன்டர்கூலருக்கு இடம், பெரிய பிரேக்... ஒண்ணைத் தொட்டா பத்து வரும். ஒரே குடும்ப எஞ்சினுக்கே இந்தக் கதை!

இப்ப நம்ம 800-க்கு வாங்க. 796 சிசி, 37 குதிரை சக்தி, 59 நியூட்டன் மீட்டர் டார்க், 12 இஞ்ச் சக்கரம். ஸ்விஃப்ட் டீசலுக்கு 75 குதிரை சக்தி, 190 நியூட்டன் மீட்டர். டார்க் மூணு மடங்கு! எஞ்சின் குடும்பமும் வேற, முன்பக்கக் கனமும் கூடும். பறக்கும், சந்தேகமே இல்ல. நிக்கணுமே? அந்த பிரேக்கை வடிவமைச்சவர் கணக்குல இருந்தது 37 குதிரைங்கதான்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்படுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இது போதும்.

ஆனா எனக்கு ஒரு மனத்தாங்கல். ஜெர்மனியிலயும் எஞ்சினை மாத்தினா பழைய அனுமதி செல்லாது. ஆனா அங்க கதவை மூடிட்டுப் போயிடலை. அங்கீகாரம் பெற்ற நிபுணர்கிட்ட வண்டியைக் காட்டலாம். அவர் பிரேக், புகை, சத்தம் எல்லாம் பார்த்துத் திருப்தியானா புது எஞ்சின் ஆவணத்துல ஏறும். நம்ம ஊர்லயும் சி.என்.ஜி. கிட்டுக்கு இப்படி ஒரு வழி இருக்கத்தானே செய்யுது? எஞ்சினுக்கும் காசு வாங்கிக்கிட்டுக் கறாரா சோதிக்கட்டுமே. வழியே இல்லைங்கறப்போ ஆசைப்படுறவன் ராத்திரியோட ராத்திரியா ஏதாவது ஒரு பட்டறையில மாத்திடறான். பிரேக்கை யாரும் பார்க்கிறதில்ல. அந்த வண்டி எதிர்ல வர்றப்போ, ஸ்கூட்டர்ல போற நமக்கும் தெரியறதில்ல.

அதனால நண்பனுக்கு என் பதில்: வழி வர்ற வரைக்கும் வேணாம்டா. மாமாகிட்ட சொல்லு, இருக்கிற எஞ்சினையே பிரிச்சு, ரிங் மாத்தி, கார்பன் சுரண்டி உயிர் கொடுப்போம். லீவுக்கு நானும் வர்றேன், ஸ்பானர் என் செலவு. மாமி சமையல் உன் பொறுப்பு :-)