"இன்னும் விசேஷம் இல்லையா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி

ஓம் சரவணபவ.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி அன்னதானத்துல பரிமாறிக்கிட்டு இருந்தேன். வரிசையில நின்ன ஒரு தங்கச்சிகிட்ட ஒரு பெரியம்மா, "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா?"ன்னு கேட்டாங்க. தங்கச்சி சிரிச்சாங்க. ஆனா சாப்பிடாமலே கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் கோயில் பக்கமே வரல.

போன் பண்ணப்போதான் தெரிஞ்சுது, வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டையை வச்சு சிகிச்சை எடுக்கறாங்கன்னு. "பேரு போடாம எழுதுங்கண்ணே, நாலு பேருக்குப் புரியட்டும்"னு அவங்களே சொன்னதால எழுதறேன்.

இந்தச் சிகிச்சை எத்தனை நாள் பிடிக்கும்? முதல்ல தானம் தர ஒருத்தர் கிடைக்கணும். சிங்கப்பூர்ல கருமுட்டையைக் காசுக்கு வாங்கறதும் விக்கறதும் சட்டப்படி குற்றம். மனசார யாராவது முன்வரணும். அதுக்கே மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு ஆகும். அப்புறம் ரத்தப் பரிசோதனை, மனநல ஆலோசனை. அதெல்லாம் முடிஞ்சாதான் தானம் தர்றவங்களுக்கு 10 முதல் 14 நாள் வரை ஊசி. பெறப்போறவங்களுக்கு கர்ப்பப்பையைத் தயார்படுத்த 2, 3 வாரம் மாத்திரை. முட்டையை எடுத்து, கணவரோட உயிரணுவோட சேர்த்து, 3 முதல் 5 நாள் வளர்த்து உள்ளே வைப்பாங்க. பலன் தெரிய இன்னும் சுமார் 2 வாரம். நிக்கலைன்னா மறுபடியும் மருந்து, மறுபடியும் காத்திருப்பு.

இப்போ யோசிங்க. நாம வாராவாரம் கேக்கற அந்தக் கேள்வி, அந்த 2 வாரக் காத்திருப்புல போய் விழுந்தா எப்படி இருக்கும்? பலன் இல்லைன்னு தெரிஞ்ச மறுநாள் விழுந்தா?

"அக்கறையிலதான் கேக்குறோம்"னு சொல்வீங்க. உண்மைதான், நானும் கேட்டிருக்கேன். ஆனா பதில் சொல்ல முடியாத கேள்வி, கேட்கப்படறவங்களுக்கு அக்கறையா தெரியாது. "48 நாள் விரதம் இரு, மருந்தெல்லாம் வேணாம்"னு சொல்றதும் தப்பு. விரதம் இருக்கலாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு இருக்கட்டும். வேண்டுதலும் வைத்தியமும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லை.

இன்னொண்ணு. "அடுத்தவங்க முட்டைன்னா அது யாரு பிள்ளை?"ன்னு சிலர் கிசுகிசுக்கறதையும் கேட்டிருக்கேன். 2013-ல வந்த சிங்கப்பூர்ச் சட்டப்படி, சுமந்து பெத்தவங்கதான் தாய். சட்டத்தை விடுங்க, நம்ம முருகனையே பாருங்க. சிவனோட நெற்றிக்கண்ல தோன்றி, அக்னியும் கங்கையும் சுமந்து, சரவணப் பொய்கையில சேர்ந்து, ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்த பிள்ளை. அவங்க பேராலதான் கார்த்திகேயன்னு கும்பிடறோம். பார்வதியை யாராவது தாய் இல்லைன்னு சொல்றோமா?

அதனால தொண்டூழியரா ஒரு வேண்டுகோள். பிள்ளை இல்லாதவங்கன்னு வளைகாப்புல யாரையும் ஒதுக்காதீங்க. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேளுங்க, போதும். பிரசாதத்தைக் கையில குடுங்க. மத்ததை முருகன்கிட்ட விடுங்க.

தங்கச்சி, இதைப் படிச்சா, வெள்ளிக்கிழமை வாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. இலை போட்டு வச்சிருப்பேன்.

முருகா சரணம்.