பயணம் செய்யாத பானை

வீட்டில் பீர் தயாரிக்கும் ஒருவருக்குத் தன் பீரின் சுவை முழுமையாகத் தெரிவதில்லை. மூன்று வாரங்கள் நொதிகலத்தின் அருகிலேயே புழங்கிய மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடுகிறது. பழகிய மணத்தை மூளை கணக்கில் கொள்வதில்லை. நண்பர்களைக் கேட்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைத்த கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குறை சொல்லும் துணிவு நண்பர்களுக்கு வாய்ப்பதில்லை. உண்மை வேண்டுமெனில் அதே வேலையைச் செய்கிற, அதே தவறுகளைத் தானும் செய்து பார்த்த இன்னொருவரிடம்தான் பாட்டிலை நீட்ட வேண்டும். பெங்களூரு, புனே, மும்பை போன்ற நகரங்களில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர் தங்களுக்குள் பாட்டில்களை மாற்றிக்கொண்டு, சுவைத்து, விரிவான மதிப்புரைகளை எழுதித் தரும் வழக்கம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் அது எழுத்தில் பதிவாகும் ஒரு கைவினைக் கல்வி.

இந்த மதிப்புரைகளின் சிறப்பு அவை நோயறிதலாக அமைவதில் உள்ளது. ‘வெண்ணெய் மணம்’ என்று ஒருவர் எழுதினால் அது டையசெட்டில் என்னும் சேர்மம். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்னரே பீர் குளிரூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை நொதித்தலின் இறுதியில் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி ஓரிரு நாள் விட்டுவைத்தால் ஈஸ்டே அதை உறிஞ்சிக்கொள்ளும். பச்சை ஆப்பிளின் மணம் வந்தால் அசிடால்டிஹைடு, அதாவது அவசரம். வேகவைத்த மக்காச்சோளத்தின் மணம், கொதிக்கவைத்தது போதவில்லை என்பதன் அறிகுறி. மருத்துவமனைக் கட்டுத்துணியின் வாடை அடித்தால் குற்றவாளி பெரும்பாலும் மாநகராட்சிக் குழாய். நீரிலுள்ள குளோரின் நொதித்தலின் ஃபீனால்களோடு சேர்ந்து அந்த வாடையைத் தருகிறது. ஈரமான அட்டைப்பெட்டியின் சுவை, பாட்டிலில் அடைக்கும்போது புகுந்த காற்றின் வேலை. வெயில் பட்ட பச்சைப் பாட்டிலில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கிளப்பும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். நாக்கில் தொடங்கி, காரணத்துக்குச் சென்று, திருத்தத்தில் முடியும் இந்தச் சங்கிலியை ஒரு முகமறியாத் தோழர் தன் நேரத்தைச் செலவிட்டு எழுதித் தருகிறார். ‘அருமை, இன்னொரு பாட்டில் கிடைக்குமா?’ என்ற பாராட்டைவிட ‘மூன்றாம் மிடறில் மக்காச்சோளம் தெரிகிறது’ என்ற ஒரு வரி தயாரித்தவருக்கு அதிகம் உதவும்.

இந்தச் சொற்களும் இவற்றை அடுக்கும் முறையும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் வரையிலும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீடு 200 காலன் வரையிலும், வரியின்றித் தம் பயன்பாட்டுக்குப் பீர் தயாரித்துக்கொள்ள வழிவிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1985-இல், பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தும் அமைப்பு ஒன்று உருவாயிற்று. பிஜேசிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் மதிப்பெண் தாள் 50 புள்ளிகளைப் பகிர்ந்தளிக்கிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பது ஒரு நல்ல முடிவு. கண்ணை நம்பாதே என்று தாளே சொல்கிறது. இந்தியாவுக்கு அந்தச் சட்டம் வரவில்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், பெரும்பாலான மாநிலங்களின் கலால் சட்டங்கள் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. தாள் மட்டும் வந்துசேர்ந்தது.

தாளோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அந்த 50 புள்ளிகளும் ஒரு ‘வகை’யைச் சார்ந்தே வழங்கப்படுகின்றன. வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் பவேரியக் கோதுமைப் பீரில் பெருமைக்குரியவை. பில்ஸ்னரில் அவையே பிழைகள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் பீரில் புகைமணம் இல்லாவிட்டால்தான் குறை. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் லாம்பிக் புளிக்க வேண்டும். ஆக, குறை என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை; தயாரித்தவர் எதை நோக்கிப் போனார் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. இந்த நேர்மைதான் தாளின் வலிமை. அதன் எல்லையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. வகைகளின் பட்டியலில் பெயரில்லாத பானம் எதை நோக்கிப் போயிற்று என்று தாளுக்குத் தெரியாது.

இந்தியாவில் வீட்டில் பீர் தயாரிப்போர் என்றால் யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. எஃகு நொதிகலமும் இறக்குமதி ஹாப்ஸும் வாங்கத் தெரிந்த நகரவாசிகள் இவ்வரிசையில் மிகப் பிந்தியவர்கள். அசாமின் மிசிங் மக்கள் ஆபோங் வைக்கிறார்கள். திமாசா மக்கள் ஜூடிமா. அங்காமி நாகர்கள் ஜூத்தோ. சந்தால், முண்டா மக்கள் ஹண்டியா. கிழக்கு இமயத்தின் லிம்பு மக்கள் கேழ்வரகைப் புளிக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சும் தோங்பாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அனேகமாக எல்லா இடங்களிலும் தயாரிப்பவர்கள் பெண்கள். தமிழுக்கும் இது அந்நியமான கலையன்று. சங்க இலக்கியம் நெல்லில் விளைந்த கள்ளைத் தோப்பி என்று அழைத்தது. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழை ஆறவைத்து, அடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவிடும் செய்முறையையே தருகிறது.

இந்தப் பானங்களின் தொழில்நுட்பம் பார்லிப் பீரின் தொழில்நுட்பத்திலிருந்து அடிப்படையிலேயே வேறு. பார்லியில் முதலில் தானியத்தை முளைக்கவைத்து, அதன் நொதிகளால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, பிறகே ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. ஜூத்தோ மட்டும் முளைவிட்ட நெல்லைப் பயன்படுத்துவதால் இதற்கு ஓரளவு நெருக்கமானது. மற்றவற்றில் பெரும்பாலானவை நொதி அடையால் ஆனவை. அரிசி மாவில் மூலிகைகளைச் சேர்த்துப் பிசைந்து உலர்த்திய சிறு அடைகள் அவை. ஜார்க்கண்டில் ரானு, சிக்கிமில் மார்ச்சா, திமாசா மலைகளில் ஹுமாவோ, மணிப்பூரில் ஹமேய். சிக்கிமைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஜோதி பிரகாஷ் தமாங் பல்லாண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருப்பதுபோல, ஓர் அடைக்குள் பூஞ்சையும் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டாக வாழ்கின்றன. பூஞ்சை சோற்றைச் சர்க்கரையாக்கும் அதே நேரத்தில், அதே பானையில், ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. பாக்டீரியா புளிப்பைத் தருகிறது. ஹாப்ஸ் இல்லை. தயாரான பின் வடிகட்டி உயிர்நீக்கம் செய்வதும் இல்லை.

இப்போது இந்தக் கோப்பையை 50 புள்ளித் தாளின் முன் வைத்துப் பார்க்கலாம். கலங்கலுக்குக் கழிவு, புளிப்புக்குக் கழிவு, நுரை நிற்காததற்குக் கழிவு. மிசிங் மக்களின் போரோ ஆபோங்கில் நெல் உமியையும் வைக்கோலையும் எரித்த சாம்பல் கலக்கப்படுகிறது; அதன் கருமையும் புகைச்சாயலும் அந்தப் பானத்தின் முகம். தாளைக் கையில் வைத்திருக்கும் நகரத்துச் சுவைஞர் ‘சாம்பல் வாடை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் பாம்பெர்க் பீரின் புகையை வியந்து ஒரு பத்தி எழுதுவார் என்றால், அந்த முரணை அவருடைய நாக்கு உண்டாக்கவில்லை. அவருக்குக் கிடைத்த சொற்கள் உண்டாக்கின. இன்னொரு வகைச் சுவைஞரும் உண்டு. அவர் ‘மண்ணின் மணம்’, ‘பழங்குடி மரபின் தொன்மை’ என்று எழுதி, ஒரு குறையும் சொல்லாமல் முடித்துக்கொள்வார். இரண்டில் இதுவே மோசமானது. சக தயாரிப்பாளர் என்று மதித்திருந்தால், அடை பழையதாகிவிட்டதா, சோறு ஆறும் முன் அடை தூவப்பட்டதா, நான்காம் நாள் எடுக்க வேண்டியது ஆறாம் நாள் எடுக்கப்பட்டதா என்று கேட்டிருப்பார். குறை சொல்லத் தகுதியானவராகக்கூட ஒருவரைக் கருதாத பாராட்டு ஒருவகை அவமதிப்பே.

அந்தப் பெண்கள் மதிப்பீட்டுக்கு அஞ்சியவர்கள் அல்லர். கோடையில் எத்தனை நாள், குளிர்காலத்தில் எத்தனை நாள் என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. பானையின் மணமும் கைவிரலில் எடுத்த சொட்டும் முடிவு செய்கின்றன. அலி-ஆயே-லிகாங் திருவிழாவில் விருந்தினர் ஆபோங் அருந்துகிறார்கள். சந்தால் சடங்குகளில் ஹண்டியா முன்னோர்க்கும் தெய்வத்துக்கும் படைக்கப்படுகிறது. ஒரு வீட்டின் பானை சரியில்லை என்றால் ஊருக்குத் தெரியும். இதைவிடக் கடுமையான நடுவர் குழு எந்த நகரத்தில் இருக்கிறது? அங்கே புழங்கும் சுவைச்சொற்கள் சந்தாலியிலும் மிசிங்கிலும் முண்டாரியிலும் இருக்கின்றன. அவற்றைத் திரட்டி, எந்தச் சொல் எந்தச் சேர்மத்தைச் சுட்டுகிறது, எந்தக் கட்டத்தில் தோன்றுகிறது என்று பொருத்திப் பார்ப்பது நொதித்தல் ஆய்வுக்கே பெரிய கொடையாக அமையும். நுண்ணுயிர்களின் பெயர்கள் ஆய்விதழ்களில் இடம்பிடித்த அளவுக்கு அந்தச் சொற்கள் இடம்பிடிக்கவில்லை.

சட்டத்தின் நிலையோ விசித்திரமானது. 1915-ஆம் ஆண்டின் பீகார்-ஒரிசா கலால் சட்டம், புளிக்கவைத்த அரிசியையும் பிற தானியங்களையும் ‘பச்வாய்’ என்று தனியே வரையறுத்தது. வீட்டுத் தேவைக்காகத் தயாரிக்கும் பழங்குடியினருக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. எழுத்தின்படி பார்த்தால் ராஞ்சிக்கு அருகில் ஒரு முண்டா வீட்டின் ஹண்டியா சட்டத்துக்கு உட்பட்டது. பெங்களூரு அடுக்ககத்தின் உரிமமற்ற கோதுமைப் பீர் அப்படியல்ல. நடைமுறை தலைகீழ். ஊறல் அழிப்புச் செய்திகளில் கவிழ்க்கப்பட்ட மண்பானைகளின் படங்கள் வழக்கமானவை. அடுக்ககச் சமையலறையின் நொதிகலம் கவிழ்க்கப்படும் படத்தைக் காண்பது அரிது. ஜார்க்கண்ட் அரசு 2020-இல் தொடங்கிய பூலோ ஜானோ ஆசீர்வாதத் திட்டம், ஹண்டியாவும் சாராயமும் விற்கும் பெண்கள் வேறு தொழிலுக்கு மாற வட்டியில்லாக் கடன் தருகிறது. 1855-ஆம் ஆண்டின் சந்தால் எழுச்சியோடு நினைவுகூரப்படும் இரு சகோதரியரின் பெயர் அத்திட்டத்துக்கு. சந்தையோரத்தில் குடிகாரர்களுக்கு நடுவே அமர்ந்து விற்கும் வாழ்வின் இழிவையும் ஆபத்தையும் அறிந்த எந்தப் பெண்ணுக்கும் மாற்றுவழி கிடைப்பது நல்லதே. குடியால் சிதைந்த வீடுகளின் கணக்கை ரசனையின் பெயரால் மறைக்க முடியாது. ஆனால் ஹண்டியாவையும் எரிசாராயத்தையும் ஒரே மூச்சில் உச்சரிக்கும் கொள்கை, ஒரு கைவினையை அடையாளம் காணும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறது. அதே நாட்டில் கைவினைப் பீர் என்ற பெயரில் நகரத்து மதுக்கூடங்கள் உரிமம் பெறுகின்றன.

அங்கீகாரம் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவும் முடியாது. ஜூடிமா 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. வடகிழக்கின் மரபுப் பானங்களில் அதுவே முதலாவது. பிரேசிலின் சாந்தா கட்டரினா மாநிலத்தில் 2015-இல் தொழில்முறைத் தயாரிப்பாளர்களும் வீட்டில் தயாரிப்போரும் ஒரு பயிலரங்கில் கூடி, தங்கள் ஊர்ப் பழங்களிட்ட புளிப்புப் பீருக்கு ஒரு வரையறை எழுதினார்கள். கட்டரினா சௌர் என்ற பெயரில் அது பின்னர் பிஜேசிபி பட்டியலிலேயே இடம்பெற்றது. சுவைத்தவர்கள் தங்களுக்கான சொற்களைத் தாங்களே எழுதியதால் அது நடந்தது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். நல்ல ஜூடிமாவுக்கும் சுமாரான ஜூடிமாவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் மொழியை அது தராது.

பாட்டில் பரிமாற்றம் என்ற வடிவத்துக்கே இங்கு ஒரு தடை உண்டு. பரிமாறுவதற்குப் பானம் பயணத்தைத் தாங்க வேண்டும். ஹண்டியா தாங்காது. காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் புளிக்கத் தொடங்கும். மூடிய பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். அஞ்சலில் அனுப்பத்தக்கதே மதிப்புரைக்குரியது என்ற எழுதப்படாத விதி, மதிப்பெண் தாளைவிடவும் திறமையாக இந்தப் பெண்களை வெளியே நிறுத்துகிறது. பானை வராது என்றால் சுவைப்பவர்தான் பானையிடம் போக வேண்டும். போகிறவர் தாளின் முதல் வரியைக் காலியாக விட்டு, ‘இது எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்ற கேள்விக்கான விடையை அங்கே அந்தப் பெண்ணின் சொல்லிலேயே எழுதிக்கொண்ட பின்னரே கோப்பையைத் தொட வேண்டும். எழுதிய மதிப்புரையின் படி அவர் மொழியில் அவருக்கே திரும்ப வேண்டும். பயணம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடை. ரானுவும் மார்ச்சாவும் வாரச்சந்தைகளில் விற்கப்படுகின்றன. நன்றாக உலர்ந்த அடை பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். ராஞ்சிச் சந்தையின் ரானுவை ஒரு மிசிங் பெண்ணும், மாஜுலியின் அடையை ஒரு முண்டாப் பெண்ணும் தத்தம் அரிசியில் தூவிப் பார்த்து, ஒருவர் பானையைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார் என்று பதிவு செய்தால், அதுவே இந்நாட்டில் எழுதப்பட வேண்டிய முதல் பீர் மதிப்புரை. அதில் 50-க்கு எத்தனை என்பதை அவ்விருவரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.