திட்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது

கன்னத்தின் உட்புறத்தில், துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை; காரம் பட்டால் மட்டும் எரிச்சல். வீட்டில் சூடு என்பார்கள், மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போடுவார்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுப்பார்கள். புகையிலையோ பாக்கோ போடுகிறவரின் வாயில் அந்தத் திட்டு இரண்டு மூன்று வாரமாகியும் மறையாவிட்டால், அது புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். சிவப்புத் திட்டு அதைவிட ஆபத்தானது. அவற்றில் பலவற்றில் புற்று ஏற்கெனவே தொடங்கியிருக்கும். பாக்கு மெல்லுகிறவர்களில் சிலருக்கு உட்சதை நாராக இறுகி, வாயையே முழுசாகத் திறக்க முடியாமல் போகிறது.

இந்தியாவில் 2022-இல் சுமார் 1.43 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. இவர்களில் பலருக்குத் திட்டாக இருந்தபோதே வைத்தியம் பார்த்திருக்க முடியும்.

வழி தெரியாத நோயல்ல இது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளைக் கொண்டு 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அவற்றில் ஏழில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். அவர்கள் டாக்டர்கள்கூட அல்லர். 2005-இல் முடிவு வந்தபோது, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊராட்சிகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள ஆண்களில் 1.2 சதவீதமும் பெண்களில் 0.9 சதவீதமும் மட்டுமே எப்போதாவது வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள். வெட்கப்பட வேண்டிய கணக்கு.

பரிசோதனையைப் பெருக்குவதோடு அரசின் கடமை முடிவதில்லை. திட்டைப் பார்த்துவிட்டுப் 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், வலியே இல்லாத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்? சதைத் துணுக்கைத் தாலுகா மருத்துவமனையிலேயே பல் மருத்துவர் எடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அந்தத் துணுக்கு போகட்டும். நோயாளி அலைய வேண்டாம்.

எல்லாத் திட்டும் புற்றாவதில்லை, வீணாகப் பயமுறுத்துவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலானவை ஆவதில்லை என்பது உண்மைதான். எது ஆகக்கூடியது என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் அந்தச் சதைத் துணுக்குச் சோதனை. செல்கள் மாறத் தொடங்கியிருந்தால் திட்டை அறுத்தோ லேசரால் சுட்டோ எடுக்கலாம். எடுத்த இடத்திலேயே மறுபடி வரவும் கூடும். வராமல் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்கத்தக்க மாத்திரை இதுவரை இல்லை. ஆகவே பழக்கத்தை விட உதவுவதும், வருடக்கணக்கில் வாயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதிகளே. தமிழகத்தில் 2013 முதல் தடையில் இருக்கும் குட்கா பெட்டிக்கடையில் தாராளமாகக் கிடைத்தால், விட நினைக்கிறவரும் எப்படி விடுவார்?

தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. திட்டு கண்டவர்களின் பெயரும் அத்திட்டத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் வாயை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு வராதவரை வீட்டுக்கே போய் அழைத்துவர வேண்டும். இதற்கான பல் மருத்துவர் பணியிடங்களையும் நிதியையும் அடுத்த பட்ஜெட்டிலேயே தமிழக அரசு ஒதுக்க வேண்டும்.