முழுக்க நீலமான இலை

என் அக்காள் மகள் தேனாம்பேட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் தேவை என்று காட்டும் செய்முறை. செம்பருத்தி இலையின் நடுவில் கறுப்புத்தாளைச் சுற்றி வெயிலில் விட்டு, பிறகு பறித்து வெந்நீரில் வாட்டி, ஆல்கஹாலில் பச்சையத்தைப் போக்கி, அயோடின் கரைசலில் இடவேண்டும். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். தாள் மறைத்த இடம் ஆகாது. இவளுடைய இலையோ முழுக்கக் கருநீலமாகிவிட்டது. புத்தகத்தில் உள்ளபடி படம் வரைந்துவிடச் சொன்னார்களாம்.

"பார்த்ததை எழுதறதா, புத்தகத்துல இருக்கறதை எழுதறதா மாமா?"

எழுத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. பார்த்ததைத்தான் எழுதவேண்டும் என்றேன். ஆனால் ஏன் அப்படி ஆயிற்று?

தாளைச் சுற்றியது காலை 9 மணிக்கு. பறித்தது 12 மணிக்கு. செடி பள்ளி வாசலில் மண்ணில் நிற்பது. பாடப்புத்தகமோ, தொட்டிச் செடியை முதலில் 48 மணி நேரம் இருட்டில் வைக்கச் சொல்கிறது. எல்லோரும் தாண்டிப்போகும் அந்த வரியில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. இலை பகலில் சேர்த்த மாவைச் செடி இரவில் சர்க்கரையாக்கிப் பிற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. இருட்டில் வைப்பது அந்தக் கையிருப்பைக் காலி செய்யத்தான். அதைச் செய்யாவிட்டால், அழிக்காத சிலேட்டில் இன்றைய கணக்கைத் தேடுவது போலத்தான். 1860களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் கண்டு சொன்னதும் இதுவே: இலையின் மாவு இருட்டில் மறைகிறது, வெளிச்சத்தில் மீண்டும் தோன்றுகிறது.

ஆசிரியரை நொந்து பயனில்லை. ஒரு பீரியடுக்குள் இருட்டறைக்கு எங்கே போவார்?

இன்னொன்று. அயோடின் காட்டுவது மாவை மட்டுமே. ஒளிச்சேர்க்கையை நாம்தான் ஊகிக்கிறோம். வெங்காயத்தாளில் இதே சோதனையைச் செய்தால் நீலம் வராது. அது மாவுக்குப் பதில் சர்க்கரையாகவே சேர்த்து வைக்கும் இனம். அதனால் அது வெயிலில் சும்மா இருந்தது என்று எழுதிவிடலாமா?

மறுநாள் மாலை அவளைச் செம்மொழிப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். (2008இல் மூடிய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம், எனக்கு அந்தக் காப்பி நினைவும் வந்தது.) வெள்ளை விளிம்புள்ள இலைகளைக் காட்டினேன். "அந்த வெள்ளைக்கும்தான் வெயில் படுது, ஆனா பச்சையம் இல்லியே, நீலம் வராது" என்றாள், நான் கேட்பதற்குள்.

ரெக்கார்டு நோட்டில் இலையை முழு நீலமாகவே வரைந்து, கீழே காரணத்தையும் எழுதியிருக்கிறாள். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. மொட்டைமாடிச் செம்பருத்தித் தொட்டி இரண்டு நாளாக ஸ்டோர் ரூம் இருட்டில் இருக்கிறது. பூஜைக்குப் பூவில்லை என்று அக்காளுக்கு என்மேல் கோபம்.