கடல் கடந்த பிறந்த நாள்

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் பலர் உறவினரைக் காணப் பினாங்குக்குப் புறப்படுகின்றனர். அங்குள்ள உம்மம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது என்றால், பல ஊர்களில் வாழும் மக்களும் பேரர்களும் அந்நாளில் ஒரே வீட்டில் கூடுகின்றனர். ‘இதில் நாம் கலந்துகொள்ளலாமா?’ என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழுகிறது.

பிறந்த நாள் விழா முன்னோரிடம் இல்லாத வழக்கம், ஆதலின் தவிர்ப்பதே நன்று என்னும் ஆலிம்கள் உண்டு. அதனை வணக்கமாகக் கருதாமல், வீண்விரயமும் மார்க்கம் தடுத்தவையும் இன்றிக் குடும்பத்தார் கூடி மகிழ்வதில் குற்றமில்லை என்போரும் உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவாராக. ஆயினும் உறவைப் பேணுவது கடமை என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. உறவைத் தழுவி வாழ்வோருக்கு வாழ்வாதாரமும் ஆயுளும் பெருகும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

நமக்கும் பினாங்குக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதா? 1801இல் அங்கு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நம்மவர் உருவாக்கியதன்றோ! ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றது. கரை சேரப் பல நாள்கள் ஆயின. இன்றோ சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரமே! தொலைவு சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளங்கள் நெருங்கினவா?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் வழக்கில் மய்யித்தை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. மவுத்துச் செய்தி கேட்டு, சீட்டு வாங்கி, விமானம் ஏறி வந்து இறங்குமுன் அடக்கம் முடிந்துவிடுகிறது. அழுதுகொண்டு வருபவர் காண்பது கபுறை மட்டுமே! கடலுக்கு அப்பால் வாழும் உறவினருக்கு நாம் உறுதியாகச் செய்யக்கூடியது, அவர் கண் திறந்திருக்கும்போதே சென்று முகம் காண்பதுதான். அதற்கு இந்நாள் ஒரு வாய்ப்பாகுமெனில், அதனைக் கேக்குடனும் புகைப்படத்துடனும் முடித்துவிடலாமா?

அங்கு வளர்ந்த பேரன் மலாயும் ஆங்கிலமும் பேசுகிறான்; உம்மம்மாவோ தமிழ் மட்டுமே அறிவார். ஒரே கூடத்தில் இருந்தும் இருவருக்குமிடையே பேச்சில்லை. இங்கிருந்து செல்லும் நம் பிள்ளைகள் இவ்விருவருக்கும் பாலமாகலாம். உம்மம்மாவின் அருகில் பிள்ளைகளை அமர்த்துங்கள். அவர் பிறந்த தெரு, கப்பலேறிய நாள், முதலில் குடியேறிய வீடு ஆகியவற்றைக் கேட்கச் செய்யுங்கள். ஒரு பிள்ளை கேட்கட்டும்; ஒரு பிள்ளை மலாயில் சொல்லட்டும்; ஒரு பிள்ளை குறிப்பேட்டில் எழுதட்டும். யார் யாருக்கு மாமி, யார் யாருக்குச் சாச்சா என்பதும் அதில் ஏறட்டும். அவர் நினைவு மங்கியபின் இவற்றை யாரிடம் கேட்பது?

விருந்துக்கு நேரம் குறிக்கும்போதும் கவனம் தேவை. பினாங்கில் மஃரிபு நேரம் பெரும்பாலும் இரவு ஏழு மணிக்கு மேல்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் ஏழு மணிக்கு அழைத்தால் விருந்தும் தொழுகையும் மோதும். இஷாவுக்குப் பின் வைத்துக்கொண்டால் அனைவரும் ஜமாஅத்தாகத் தொழுது, பெரியவருக்காகத் துஆச் செய்து, அமைதியாக உண்ணலாம்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு நயம் உண்டு. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள்கள் குறைவு. ஆகவே எண்பது நிறைந்தவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் எண்பத்திரண்டும் கடந்துவிட்டது! நாம் எண்ணுவதைவிட விரைவாகக் காலம் ஓடுகிறது.

அடுத்த விடுமுறை வரட்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே சென்று ஸலாம் சொல்லுங்கள். அவர்களுக்கு அல்லாஹ் நல்ல ஆயுளை அருள்வானாக! வஸ்ஸலாம்.