குளியலறையும் மின்சாரமும்

இற்றை நாளில் மின்சாரம் புகாத இல்லம் அரிது. இல்லத்துள் அது புகாத அறையும் அரிது. கூடத்தில் விளக்காகவும் அடுக்களையில் அரைவைப் பொறியாகவும் ஏவல் செய்த அது, வெந்நீர் காய்ச்சும் பொருட்டுக் குளியலறையுள்ளும் வந்துவிட்டது. அவ்வரவைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும், குளிக்கும் அறையில் பிளக்-பாயிண்டு அமைத்தல் கொத்தனாரின் வசதிக்கும் வீட்டுக்காரரின் சிக்கனத்திற்கும் விட்டுவிடத்தக்க சிறு செய்தியன்று. அஃது உயிரைப் பற்றிய செய்தி. அதன் பொறுப்பு குளிப்பவரினும் வீட்டைக் கட்டுவோரையே பெரிதும் சாரும் என்பது எம் துணிபு.

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. காய்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலோ அத்தடையைப் பெரிதும் இழந்துவிடும். நனைந்த உடலின் தடை 1,000 ஓம் என்று கொள்வோமாயின், கைவழிப் புகுந்து கால்வழி நிலத்திற் பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியராகும். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரிலேயே பற்றிய கையை விடுவித்தல் அரிதாகும். 30 அளவில் மூச்சுத் தடுமாறும். 100 அளவில் இதயத்துடிப்பே நிலைகுலையக்கூடும். "எம்.சி.பி. இருக்கின்றதே, அச்சம் ஏன்?" என்று வினவுவார் உளர். அது கம்பி சூடேறி எரியாவண்ணம் காப்பது. மனிதனைக் காப்பதற்கென வைத்ததன்று. 16 ஆம்பியர் தாங்கும் எம்.சி.பி.க்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டன்று. அஃது அசையாதிருக்க, ஆள் மடிந்துபோவான்.

மனிதனைக் காக்கும் கருவி வேறு. 1961ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் என்பார் அத்தகைய கருவியொன்றை ஆக்கினார். போகும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் எங்கோ கசிகின்றது என்பது பொருள். அவ்வேறுபாட்டை உணர்ந்து ஒரு நொடிக்குள் மின்சாரத்தை அறுப்பதே இக்கருவியின் தொழில். அமெரிக்க மின்விதிகள் 1975 முதல் குளியலறைப் பாயிண்டுகளுக்கு இதனைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் ஆர்.சி.சி.பி. என்னும் பெயரால் இது கடைகளிற் கிடைக்கின்றது. வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது.

கருவியோடு தொலைவும் வேண்டும். இங்கிலாந்தின் மின்னமைப்பு விதிகள், குளிக்கும் இடத்தின் எல்லையிலிருந்து 3 மீட்டருக்கு அப்பாலன்றிப் பொதுப் பாயிண்டு கூடாது என்று 2008இல் வகுத்தன. 2022இல் அதனை 2.5 மீட்டராகக் குறைத்தன. ஐந்தடிக்கு ஆறடி என அமையும் நம் குளியலறையில் அத்தொலைவுக்கு இடம் ஏது? ஆகலின், பொதுப் பாயிண்டு அறைக்குள் வேண்டா என்பதே நமக்கு ஏற்ற முடிபாகும்.

எம் வாணியம்பாடிக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட செய்தி, 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். கீஸருக்குள் இருக்கும் சூட்டுக் கம்பியின் உறையையும் அரித்துத் துளையிடும். உறை துளைபடின் நீரே மின்னேறும். எர்த் முள்ளில்லாத ஹீட்டர் ராடைப் பிளாஸ்டிக் வாளியில் இட்டாலோ, அக்கசிவு எவ்வழியும் வெளிப்படாது. தொடும் கையே அதற்கு வழியாகும். எர்த் குழியில் கரியோடு உப்பையும் இடுவது பழைய வழக்கம். அவ்வுப்பும் நிலத்தின் உப்பும் கூடி இரும்புக் கம்பியைத் தின்றுவிட்டால், மேலிருந்து காண்பார்க்கு ஒன்றும் தோன்றாது. ஆதலின் எர்த்தை ஆண்டுதோறும் அளந்தறிதல் நலம்.

செய்யத்தக்கன சிலவே. கீஸருக்கு 16 ஆம்பியர்க் கம்பியும் இணைப்பும் தனியே வேண்டும். 2,000 வாட்டுக் கீஸர் ஒன்பது ஆம்பியரளவு இழுப்பதால் 6 ஆம்பியர்ப் பாயிண்டு அதற்கு ஆகாது. இணைப்பு நீர் தெறிக்காத உயரத்திலும், சுவிச்சு கதவுக்கு வெளியிலும் இருத்தல் வேண்டும். ராடு பயன்படுத்துவோர் பிளக்கைக் கழற்றிய பின்னரே நீரைத் தொடுதல் வேண்டும். எர்த் முள்ளை ஒடித்து இருமுள் பாயிண்டிற் செருகும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

செலவு மிகும் என்பாருக்கு ஒன்று கூறுவோம். சலவைக்கல் பதிக்கச் செலவிடுவோர் அதில் ஒரு சிறு பங்கை இக்கருவிக்கு ஒதுக்க மனங்கொள்வதில்லை. வாடகை வீட்டிலோ, பணத்தை மிச்சப்படுத்துவார் ஒருவர். உயிரைப் பணயம் வைப்பார் மற்றொருவர். தொழிற்சாலையின் ஈரத்தரைக்குச் சட்டமும் ஆய்வாளரும் உண்டு. அங்கு உழைத்து மீள்வோன் குளிக்கும் அறைக்கு வீட்டுக்காரரின் மனச்சான்றையன்றிக் காவல் ஏது? புதுவீடு கட்டுவோன், எவனும் விழுந்து மாண்டு இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வாராதபடி மேல்தளத்திற்குக் கைப்பிடிச்சுவர் எடுக்கவேண்டும் என்பது உபாகமம் 22ஆம் அதிகாரத்திற் காணும் கட்டளை. அக்காலத்தார் மேல்தளத்தில் உலவினர், இடர் ஆங்கிருந்தது. இக்காலத்தில் இடர் குளியலறையுள் இருக்கின்றது. இடம் மாறினும் கடமை மாறவில்லை.

நம் கல்லூரியில் இன்று பயில்வோர் நாளை வீடு கட்டுவோரும், விடுதி நடத்துவோரும், வாடகைக்கு விடுவோருமாவர். தம் இல்லத்திற் குளிக்கப் புகும் ஒவ்வோர் உயிருக்கும் தாமே பிணை என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.